உம்மாவின் காப்பும் நியூயோர்க்கின் ஒரு நாளும்

போன மாதம் கல்முனைப் பஸாரில் ஒரு சாறன் வாங்கினேன். மருதமுனைத் தறியில் நெய்தது. கஞ்சி முறுகல் இன்னும் போகவில்லை. கடைப் பையன் மேசையில் ஒட்டியிருந்த கியூஆர் அட்டையைக் காட்டினான். ஃபோனை நீட்டித் தொகையை அழுத்தினேன். அவன் சாறனை மடித்துப் பையில் போடுமுன்னே அவனுடைய ஃபோன் சத்தம் போட்டது.

"காசி விழுந்திட்டு மாமா" என்றான். திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது பையிலிருந்து கஞ்சி வாசம் மேலேறியது. வாப்பா கொழும்புக்குப் போகும் இரவுகளில் எங்கள் வீடு முழுக்க அந்த வாசம்தான் நிற்கும். சாறன்களை டசின் டசினாக அடுக்கி, பழைய போர்வையில் பொட்டணியாகக் கட்டி, உம்மா ஒரு பக்கம் அமுக்கிப் பிடிக்க வாப்பா மறுபக்கம் முழங்காலை ஊன்றிக் கயிற்றை இறுக்குவார். மறுநாள் காலை அந்தப் பொட்டணி புறக்கோட்டையில் இறங்கும். அதற்கான காசு எங்கள் வீட்டுக்கு வந்து சேர ஒரு பிறை தேய்ந்து மறுபிறை பார்க்க வேண்டியிருக்கும். பிறகு நான் பிழைப்பு நடத்தியதும் இந்த இடைவெளியில்தான். பேரம் முடிந்த நாளுக்கும் காசு கைமாறும் நாளுக்கும் இடையில் என்ன நடக்கிறது என்று கவனித்துக்கொண்டே கொழும்பில் ஒரு பங்குத் தரகர் ஒஃபிஸில் தலை நரைத்தேன்.

மருதமுனையில் அந்த நாளில் சுபஹுத் தொழுகை முடிந்து பள்ளியிலிருந்து வரும்போதே தறிச் சத்தம் தொடங்கிவிடும். எங்கள் வளவில் சில தறிகள் இருந்தன. மீதி வேலை அக்கம்பக்கத்து வீடுகளில் கூலிக்கு நடந்தது. வாப்பா நூலைக் கொடுப்பார். அவர்கள் பாவு ஓடி, தார் சுற்றி, நெய்து கொடுப்பார்கள். வெள்ளிக்கிழமை தறி ஓடாது. அதனால் வியாழன் அசருக்குப் பிறகு கூலி கொடுக்கும் நேரம். அந்த நேரம் தப்பவே கூடாது. வியாழன் கூலி கொடுக்காத முதலாளி வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் யார் முகத்தைப் பார்ப்பார்?

நூல்காரர் ஒரு மாதத் தவணைதான் கொடுப்பார். புறக்கோட்டை வியாபாரியோ சாறனை எண்ணி வாங்கிக்கொண்டு, ஒரு மாதம் தள்ளித் திகதி போட்ட செக்கு ஒன்றைக் கொடுப்பார். அந்தத் திகதி வந்த பிறகுதான் வாப்பா அதைக் கல்முனை வங்கியில் போடலாம். போட்ட பிறகும் காசு இல்லை. செக்கு தபால் பையில் ஏறிக் கொழும்புக்குப் போக வேண்டும். அங்கே வங்கிகள் ஒன்றுக்கொன்று செக்குகளை மாற்றிக்கொள்ளும் இடத்தில் பிரிபட்டு, வியாபாரியின் வங்கிக் கிளைக்குப் போய், கையெழுத்தும் மீதியும் பார்க்கப்பட்டு, திரும்பவில்லை என்று தெரிந்த பிறகே எங்கள் கணக்கில் ஏறும். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து வாப்பாவோடு வங்கிக்குப் போயிருக்கிறேன். கவுண்டருக்குப் பின்னால் ஒருவர் பெரிய பேரேட்டைப் புரட்டுவார், விரலை மேலிருந்து கீழே ஓட்டுவார், நின்று யோசிப்பார்.

"இன்னும் பாஸாகல்ல முதலாளி. மறுகா ஒருக்கா வந்து பாருங்க."

வியாழன் அதுவரை காத்திருக்குமா? அங்கேதான் உம்மாவின் காப்பு வரும்.

நகையை அடகு வைக்க வாப்பா ஒத்துக்கொள்ள மாட்டார், அடகென்றால் வட்டி. கல்முனை நகைக்கடையில் காப்பை நேராக விற்றுவிடுவார். செக்கு பாஸானதும் திரும்ப வாங்குவார். பாண்டிருப்பிலிருந்து வரும் தட்டார் ஒருவர் அங்கே வேலை செய்தார். சின்னத் தராசில் காப்பை வைத்து, முள் நிலைகொள்ளும்வரை மூச்சைக்கூட அடக்கிக்கொள்வார். விற்கும்போது ஒரு விலை. வாங்கும்போது, இடையில் தங்கம் ஏறியிருந்தால், வேறொரு விலை. அதற்கு மேல் செய்கூலி. வாப்பா கையிலிருப்பதற்கு எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவுக்குத்தான் வாங்கி வருவார். ஆக, உம்மாவின் காப்பு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மெலிந்தே திரும்பி வந்தது. கையில் மாட்டிப் பார்த்துவிட்டு உம்மா சொல்வா: "இதுவும் என்னப்போல நோன்பு புடிச்சிட்டு வந்திரிக்கி."

ஒரு தடவை ஒரு வியாபாரியின் செக்கு திரும்பி வந்துவிட்டது. அந்தக் கடையே பூட்டியாயிற்று. சாறனும் போய்விட்டது, காசும் இல்லை. அந்த வருடம் காப்பு திரும்பி வரவில்லை. ராத்தாவின் கலியாணத்துக்கு உம்மா கவரிங் போட்டுக்கொண்டு நின்றா.

இந்தக் காத்திருப்பு நெசவுக்காரருக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. சம்மாந்துறையில் எங்கள் மாமா வேளாண்மை செய்தார். கல்லோயாத் தண்ணீர் பாயும் வட்டை. பெரும்போகம் முழுக்க உழவுகாரர், விதைத்தவர், காவல் இருந்தவர், கடைக்காரர் எல்லாருடைய கணக்கும் மாமாவின் வாயிலும் கொப்பியிலும் வளர்ந்துகொண்டே போகும். சூடு அடித்துப் பொலி குவிந்த அன்று களவெட்டியிலேயே எல்லாம் முடியும். ஒவ்வொருவருக்கும் அளந்து கொடுத்து, ஸகாத்துக்குரிய பங்கைப் பிரித்து வைத்த பிறகுதான் மீதி மூட்டை வீட்டுக்கு வண்டியேறும். போகத்துக்கு ஒரு தடவை கணக்கு முடிப்பது.

இது ஏதோ நம் பக்கத்துப் பழக்கம் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். கொழும்புக்கு வேலைக்குப் போன பிறகு தெரிந்தது, உலகின் பெரிய பங்குச் சந்தைகளில் ஒன்றான லண்டனும் 1994 வரை இப்படித்தான் நடந்தது. இரண்டு வாரத்துப் பேரங்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து வைத்து ஒரே நாளில் தீர்த்துக்கொள்வார்கள். கோட்டும் டையும் கட்டியவர்களின் களவெட்டி.

நான் போன காலத்தில் கொழும்புச் சந்தையில் பேரம் கூவித்தான் நடந்தது. இப்போதைய பங்குச் சந்தை நிறுவனம் 1985-இல் தொடங்கியது. கொம்பியூட்டர் வழி வியாபாரம் வந்தது 1997-இல். எங்கள் ஒஃபிஸில் கூவுகிறவர்களுக்குத்தான் மதிப்பு. நான் இருந்தது பின்னறையில், செட்டில்மென்ட் மேசையில். விற்றவரின் பங்குச் சான்றிதழும் கையெழுத்திட்ட மாற்றப் பத்திரமும் வர வேண்டும். வாங்கியவரின் செக்கு வர வேண்டும். இரண்டும் சரிபார்க்கப்பட வேண்டும். கையெழுத்தில் ஒரு சுழி மாறியிருந்தாலும் பத்திரம் திரும்பிவிடும். கண்டியிலிருந்து ஒரு பெரியவர் விற்ற பங்குக்கு, அவர் இளமையில் போட்ட கையெழுத்தும் நடுங்கும் கையால் இப்போது போட்டதும் ஒத்துப்போகாமல் பட்ட பாடு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. 1991-இல் மத்திய வைப்பகம் வந்து, பங்குகள் காகிதத்திலிருந்து கணக்குப் பதிவுகளாக மாறத் தொடங்கிய பிறகுதான் அந்தத் தொல்லை மெல்லக் குறைந்தது.

காகிதம் பெருகினால் சந்தையே மூச்சுமுட்டும் என்பதை எங்கள் மேலதிகாரி கதை கதையாகச் சொல்வார். 1968-இல் நியூயோர்க்கில் வியாபாரம் தாறுமாறாகப் பெருகி, பத்திரங்களைத் தீர்த்துமுடிக்க ஆளும் நேரமும் போதாமல், புதன்கிழமைகளில் சந்தையையே மூடி வைத்தார்களாம். பத்திரம் ஓரிடத்தில் கிடக்க, பெயர் மட்டும் பேரேட்டில் மாறும் வைப்பகம் அங்கே 1973-இல் வந்தது அந்த அனுபவத்தால்தான். அப்போதெல்லாம் அமெரிக்காவில் பேரம் நடந்து ஐந்தாம் நாள்தான் காசும் பங்கும் கைமாறும். எங்கள் பாஷையில் அது டி பிளஸ் ஐந்து. 1987 ஒக்டோபரில் சந்தை விழுந்தபோது, அந்த ஐந்து நாளுக்குள் வாங்கியவர் முறிந்துபோனால் விற்றவர் கதி என்ன என்று உலகமே யோசித்தது. 1995-இல் ஐந்து மூன்றானது. 2017-இல் மூன்று இரண்டானது.

அவர் சொன்னவற்றில் என் மனதில் ஒட்டிக்கொண்டது ஜெர்மனியின் ஹெர்ஸ்டாட் வங்கிக் கதை. 1974 ஜூன் 26-ஆம் திகதி. கொலோன் நகரத்து வங்கி. அது டொலர் விற்று ஜெர்மன் மார்க் வாங்கியிருந்தது. எதிர்ப்பக்கத்து வங்கிகள் மார்க்கை ஜெர்மனியில் முன்னதாகவே கட்டிவிட்டன. டொலர் கைமாற வேண்டியது நியூயோர்க்கில். அங்கே அப்போதுதான் காலை நேரம். ஜெர்மனியில் பின்னேரம் அதிகாரிகள் வந்து வங்கியை மூடிவிட்டார்கள். மார்க் கொடுத்தவர்களுக்கு டொலர் வரவில்லை. சூரியன் இரண்டு ஊரில் இரண்டு நேரத்துக்கு உதித்ததால் வந்த நட்டம்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு வாப்பாவின் திரும்பிய செக்குதான் ஞாபகம் வந்தது. பொருளைக் கொடுத்தாயிற்று, காசு வரவில்லை, அதே கதை. பாடப் புத்தகத்தில் இன்னொரு ஆபத்தும் இருந்தது. எதிராளி பேரத்தை நிறைவேற்றாவிட்டால் நீ அதே பொருளைச் சந்தையில் புது விலைக்கு வாங்க வேண்டிவரும், இடைவெளி நீளநீள விலை விலகும் தூரமும் கூடும் என்று எழுதியிருந்தார்கள். அதற்கு ஒரு சமன்பாடும் போட்டிருந்தார்கள். எனக்குச் சமன்பாடு தேவைப்படவில்லை. மெலிந்து மெலிந்து வந்த காப்பை நான் கண்ணால் பார்த்தவன்.

பெருநாள் லீவுக்கு ஊருக்குப் போனபோது, வாப்பாவின் சினேகிதரான மௌலவி ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னேன். கடற்கரைப் பக்கமாக நடந்துபோய்க்கொண்டிருந்தோம். ஹெர்ஸ்டாட் கதையை அவர் நின்று கேட்டார்.

"பொன்னுக்குப் பொன்னும், வெள்ளிக்கு வெள்ளியும், காசிக்குக் காசியும் மாத்துறண்டா, அந்த இடத்திலயே கைக்குக் கை மாறணும். இது எங்கட மதரசாவில சின்னப் புள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கிற பாடம். அவங்க இப்பயா கண்டுபுடிச்சிரிக்காங்க?"

2002-இல் பெரிய வங்கிகள் ஒன்றுசேர்ந்து, ஒரு பக்கத்து நாணயம் வராமல் மறுபக்கத்து நாணயம் போகாதபடி ஓர் அமைப்பை ஏற்படுத்திவிட்டன என்று சொன்னேன். "பிந்தினாலும் பரவாயில்ல" என்றார், பெரிய மனதோடு.

நான் விடவில்லை. அப்படியானால் தவணையே கூடாதா என்று கேட்டேன். "ஆர் சொன்ன? தவணைக்கு வாங்கலாம், விக்கலாம். ஆனா திகதியக் குறிச்சு, எழுதி, சாட்சி வெச்சுக்கங்க எண்டு அல்லாஹ் சொல்லிரிக்கான். குர்ஆனில ஆகப் பெரிய ஆயத்தே கடன எழுதிறதப் பத்தினதுதான். கையில வராத தானியத்த மத்தவனுக்கு விக்காத எண்டும் இரிக்கி. கஷ்டப்பட்டவனுக்கு வசதி வரும்வரைக்கும் அவகாசம் குடு எண்டும் இரிக்கி." கொஞ்ச தூரம் நடந்த பிறகு சேர்த்துக்கொண்டார்: "கூலிக்காரனுக்கு மட்டும் தவணை இல்ல. வேர்வ காயமுந்திக் குடுக்கணும்."

டி பிளஸ் பூச்சியம் யாருக்கு, எழுதி வைத்த தவணை யாருக்கு, அவகாசம் யாருக்கு என்று மூன்று அடுக்காக அவர் பிரித்துச் சொன்னதை எங்கள் ஒஃபிஸ் பயிற்சி வகுப்புகளில் யாரும் அப்படித் தெளிவாகச் சொல்லிக் கேட்டதில்லை.

போர்க்காலத்தில் இந்த இடைவெளிகள் இன்னும் நீண்டன. 1990 ஜூனில் கிழக்கில் சண்டை மீண்டும் மூண்டபோது பாதை அடைபட்டது, தபாலும் நின்றது. செக்கு எந்த ஊரில், எந்தப் பையில் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. 1996 ஜனவரி 31-ஆம் திகதி கொழும்பு கோட்டையில் மத்திய வங்கி மீது குண்டு வெடித்த அன்று, பின்னேரம் வெகுநேரம் முயன்று ஊருக்குத் தொலைபேசி எடுத்தேன். வாப்பா முதலில் அழுதார். "ஒனக்கு ஒண்டுமில்லையே மகன்?" என்று நாலைந்து தடவை கேட்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்ப, இந்தக் கிழமைச் செக்கு?" என்றார். பின்னால் உம்மா அவரைத் திட்டும் சத்தம் கேட்டது.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, போயா தினமும்கூட. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று கடலோரம் முழுக்கத் தண்ணீர் ஏறியது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000-க்கும் மேற்பட்டவர்கள் மௌத்தானார்கள். எங்கள் வீடு பிரதான வீதிக்கு மேற்கே என்பதால் தப்பியது. கடற்கரைப் பக்கத் தறி வீடுகளில் சில இருந்த அடையாளமே இல்லை.

எங்கள் பக்கத்தில் ஜனாஸாவைத் தொழுவிக்குமுன் மகனோ சகோதரரோ முன்னால் வந்து, இவர் யாருக்காவது கடன் கொடுக்க வேண்டியிருந்தால் என்னிடம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று அறிவிப்பார். கூட்டத்திலிருந்து யாரும் பெரும்பாலும் வாய் திறக்க மாட்டார்கள். பிறகு வீட்டுக்குத் தனியாக வந்து மெதுவாகச் சொல்வார்கள். இப்படி ஒரு மனிதனின் எல்லாக் கணக்கும் மண்ணுக்குப் போகுமுன் ஒரு பொறுப்பாளரின் தோளுக்கு மாறும். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு மொத்தமாக அடக்கினோம். அறிவிக்க மகன் இல்லை, கேட்க ஆளில்லை, கொப்பிகளும் தண்ணீரோடு போய்விட்டன.

வாப்பாவுக்கு அப்போது நல்ல வயது. திண்ணையில் உட்கார்ந்து, என்னை எழுதச் சொல்லி, ஞாபகத்திலிருந்து இரண்டு பட்டியல் சொன்னார். அவருக்குத் தர வேண்டியவர்களின் பட்டியலை எழுதி முடித்ததும் வாங்கிக் கிழித்தார். அவர் கொடுக்க வேண்டியவர்களின் பட்டியலை மடித்து மடியில் வைத்துக்கொண்டு கூடாரம் கூடாரமாக நடந்தார். ஒரு நெசவாளி பாதிப் பாவு நெய்திருந்த நிலையில் குடும்பத்தோடு போய்விட்டார். திருமணமாகி நற்பிட்டிமுனையில் இருந்த மகள் மட்டும் மிஞ்சினா. எத்தனை சாறன் தறியிலிருந்து இறங்கியிருந்தது என்று தெரியாது. வாப்பா முழுப் பாவுக்கும் கூலி கணக்கிட்டுக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஒரு வாரம் கழித்துப் புறக்கோட்டையிலிருந்து ஒரு வியாபாரி எனக்குத் தொலைபேசி எடுத்தார். "ஒங்க வாப்பாட பில் எல்லாம் போயிருக்கும். எங்ககிட்ட கொப்பி இருக்கு. நாங்க தர வேண்டியது இவ்வளவு" என்று ஒரு தொகையைச் சொன்னார். வாப்பா நினைத்திருந்ததைவிட அது கூட. தீராத கணக்கு ஒரு பயம் என்று தொழிலில் படித்தவன் நான். ஆனால் அந்த மனிதருக்கும் வாப்பாவுக்கும் இடையில் அத்தனை வருடமும் ஏதோ ஒரு கணக்கு தீராமலே ஓடிக்கொண்டிருந்ததால்தான் அவர் எங்களைத் தேடினார்.

அதற்குப் பிறகு எல்லாமே வேகம் பிடித்தது. 2006 மே மாதத்திலிருந்து செக்கைக் கொழும்புக்குச் சுமந்து போகும் வேலை இல்லாமல் போனது. படம் பிடித்துப் படத்தை மட்டும் அனுப்பினார்கள், நாட்டின் எந்த மூலையில் போட்ட செக்கும் மறுநாளே தெளிந்தது. 2015-இல் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு அந்தக் கணமே காசு அனுப்பும் வழி வந்தது. சவூதியிலிருந்து பதிவுத் தபாலில் டிராஃப்ட் வருமென்று தபால்காரரைத் தெருமுனையில் மறித்த தாய்மார் இப்போது ஃபோனைப் பார்க்கிறார்கள். கொழும்புச் சந்தையில் 2021 ஓகஸ்டில் பங்கும் காசும் ஒரே நேரத்தில் கைமாறும் முறை வந்தது; பிறகு நாளும் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. இந்தியா 2023 ஜனவரி 27-ஆம் திகதியோடு எல்லாப் பங்குகளையும் ஒரே நாளுக்குக் கொண்டுவந்து, அடுத்த வருடம் சில பங்குகளுக்கு அன்றைக்கன்றே முடிக்கும் வசதியையும் தொடங்கியது.

அமெரிக்காவை உலுக்கியது 2021 ஜனவரியில் நடந்த கேம்ஸ்டொப் கூத்து. ஃபோனில் பங்கு வாங்கும் இளைஞர்கள் திரண்டு அந்த ஒரே பங்கின் விலையை ஏற்ற, பேரங்களை நடுவில் நின்று தீர்த்துவைக்கும் தீர்ப்பகம் அவர்களுடைய தரகர் நிறுவனமான ரொபின்ஹூட்டிடம் ஒரே விடியலில் ஏறத்தாழ 300 கோடி டொலர் பிணைவைப்புக் கேட்டது. பேரங்கள் தீர இன்னும் இரண்டு நாள் இருந்ததால், அந்த இரண்டு நாளுக்கான காப்பு அது. அவ்வளவு கையில் இல்லாமல் அந்தப் பங்கை வாங்குவதையே ரொபின்ஹூட் நிறுத்தியது. இரண்டு நாள் எதற்கு என்ற கேள்வி அதோடு பெரிதாகி, 2024 மே 28-ஆம் திகதி அமெரிக்கா டி பிளஸ் ஒன்றுக்கு மாறியது. ஐரோப்பிய ஒன்றியமும் பிரித்தானியாவும் சுவிற்சர்லாந்தும் 2027 ஒக்டோபர் 11-ஐக் குறித்து வைத்திருக்கின்றன.

ராத்தாவின் மகன் கொழும்பில் அமெரிக்க நிதியங்களுக்குக் கணக்குப் பார்க்கும் ஒரு கொம்பனியில் இருக்கிறான். அந்த மே மாதத்தோடு அவனுடைய இரவு புரண்டது. கோடை நேரக் கணக்கில் நியூயோர்க் சந்தை மூடும்போது கொழும்பில் நள்ளிரவு ஒன்றரை. அன்றைய பேரங்களை இரு தரப்பும் உறுதிப்படுத்த அங்கே இரவு ஒன்பது மணிவரைதான் நேரம். இங்கே அது காலை ஆறரை. "முந்தி ஒரு பிழையிருந்தா அடுத்த நாள் கதைச்சுத் தீர்க்கலாம் மாமா. இப்ப சுபஹுக்கு முந்தியே புடிக்கணும்" என்றான். ஆசியாவில் இருந்துகொண்டு அமெரிக்கப் பங்கு வாங்குகிறவர்களுக்கு இன்னொரு தலைவலி. டொலர் வாங்கி அனுப்புவதற்கு முன்பு இருந்த ஒரு நாள் இப்போது இல்லை. ஆகவே பங்கு கிடைக்குமுன்பே, சில வேளை வாங்குவோமா என்று தெரியுமுன்பே, டொலரைத் தேடி வைக்கிறார்கள்.

நாளைக் குறைத்தால் யாராவது ஒருவர் காசை முந்திக் கொண்டுவர வேண்டும். 2022-இல் எங்கள் ஊரும் அதைப் பார்த்தது. டொலர் தட்டுப்பாடாகி, 200 ரூபா அளவில் இருந்த அதன் விலை சில மாதத்தில் 360-ஐத் தாண்டியபோது, நூல்காரர் தவணையை நிறுத்தினார். காலையில் சொன்ன விலை பின்னேரம் இல்லை. காசைக் காட்டினால்தான் நூல். கையில் காசு இருந்தவர்கள் தறியை ஓட்டினார்கள். இல்லாதவர்கள் தறிக்குச் சாக்குப் போர்த்தினார்கள்.

இதையெல்லாம் சொல்லி, பழைய தவணைக் காலத்தில் ஓர் ஈரம் இருந்தது என்று ஒரு நாள் பெருமூச்சு விட்டேன். மருமகன் விடவில்லை.

"மாமா, அந்த ஒரு மாசத் தவணைய ஆர் குடுத்த? புறக்கோட்டையில வாங்கினவருக்கு நீங்கதான் குடுத்த. நூல்காரர் தந்தது காணாது, மீதிய ஒங்களுக்கு ஆர் குடுத்த?"

"ஒங்கட உம்மும்மா" என்றேன்.

அவன் சொல்வது சரி. அந்த இடைவெளி எந்தக் காலத்திலும் இலவசமாக இருந்ததில்லை. எங்கள் வீட்டில் அதன் விலையைக் காப்பு கட்டியது. நாள் நீண்டபோது காத்திருக்க முடியாதவர் சுமந்தார். நாள் சுருங்கும்போது காசை முந்திக் கொண்டுவர முடியாதவர் சுமக்கிறார். இருவரும் பெரும்பாலும் ஒரே தெருக்காரர்.

இதை நேரில் பார்க்கத்தான் சில நாளைக்கு முன் மருதமுனையில் ஒரு தங்கச்சி வீட்டுக்குப் போனேன். கணவரை இழந்தவ, இரண்டு தறி. நூலுக்கும் சாயத்துக்கும் கைக்காசு. நெய்த சாறனைக் கடைகள் எடுத்துக்கொள்ளும். விற்ற பிறகுதான் காசு. கடைக்கு வாங்குகிறவரின் பணம் கண் மூடித் திறப்பதற்குள் வருகிறது. கடையிலிருந்து இவவுக்கு வருவது மாதக் கடைசியில், சில மாதம் அதற்கும் பிறகு. செக்கு பாஸாவதற்கு வாப்பா காத்திருந்ததைவிட இவ காத்திருக்கும் காலம் குறைவு என்று என்னால் சொல்ல முடியவில்லை. வங்கிக்கும் வங்கிக்கும் இடையில் அழிந்த நாட்கள் கடைக்கும் தறிக்கும் இடையில் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. இதற்கு இயந்திரக் குறை ஒன்றுமில்லை. விற்பனைக் காசு கடையில் விழும் அதே நொடியில் நெசவுக்காரியின் பங்கு அவவுடைய கணக்குக்குப் பிரிந்து போகும்படி செய்ய இன்றைய வசதி தாராளம். செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

"காசு உடனே கையில வந்தா நல்லம்தானே தங்கச்சி?" என்று கேட்டேன்.

தார் சுற்றிக்கொண்டே சொன்னா: "உடனே வேணுமெண்டு இல்ல காக்கா. எண்டைக்கு வருமெண்டு தெரிஞ்சாப் போதும். அந்த நாளைக்கு வந்திரணும்."

செட்டில்மென்ட் மேசையில் நான் பார்த்த வேலை முழுவதும் இந்த இரண்டு வாக்கியத்துக்குள் அடங்கும். ஐந்து நாளோ ஒரு நாளோ, குறித்த நாளில் தவறாமல் வரும் என்ற உறுதியைத்தான் தீர்ப்பகமும் வைப்பகமும் பிணைவைப்பும் விலைக்கு வாங்குகின்றன. நியூயோர்க்கில் வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் நடுவே நின்று, ஒருவர் தவறினாலும் மற்றவருக்கு நான் தருகிறேன் என்று சொல்ல ஒரு நிறுவனம் இருக்கிறது. கல்முனைக் கடைக்கும் மருதமுனைத் தறிக்கும் நடுவே அப்படி நிற்க யாரும் இல்லை. மௌலவி சொன்ன எழுதி வைத்த திகதிகூட இல்லை. அதையாவது முதலில் எழுதி வாங்கச் சொல்லி, அவவுடைய கொப்பியில் கடைக்குக் கடை ஒரு பக்கம் பிரித்துக் கோடு போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.